ஒரு பாகம் ஆழத்தில்

ஓட்டப்பிடாரத்தில் பேருந்தை விட்டு இறங்கியவனுக்குக் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. காலடியில் வெடித்துக் கிடக்கும் கரிசல். கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக் கருவேலம், இடையிடையே உளுந்தும் மிளகாயும் எடுத்து முடித்த காடுகள். பிப்ரவரி மாதம்தான், ஆனாலும் காலை ஒன்பது மணிக்கே வெயில் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். எனக்குத் தண்ணீர் என்றால் தடப்பள்ளி வாய்க்கால். கொடிவேரி அணையில் குளித்ததுதான் என் வாழ்நாளின் பெரிய நீர்ச் சாகசம். கல்லூரி நண்பர் ஒருவர் இந்தப் பக்கம் ஆசிரியராக இருக்கிறார். பத்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டாவது வயதில்தான் வந்து சேர்ந்தேன்.

முதலில் வ.உ.சி. பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார். 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர். 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர். சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே நண்பர் சொன்னார்: "கரிசக்காட்டுல பொறந்த மனுசன் கப்பலே ஓட்டியிருக்காரு. நீ ஒரு வல்லத்துலயாவது ஏறிப் பாரு." பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் கோட்டையையும் ஒரு சுற்றுச் சுற்றினோம். ஆனால் மனது வல்லம் என்ற அந்த நாட்டுப்படகிலேயே நின்றுவிட்டது.

வரைபடத்தைப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது. ஓட்டப்பிடாரம் வட்டத்தின் மேற்குப் பாதி கரிசல் என்றால் கிழக்கு எல்லை மன்னார் வளைகுடா. தருவைகுளமும் பட்டினமருதூரும் இந்த வட்டத்தின் ஊர்கள்தான். மதுரை சாலையைக் கடந்து நேர் கிழக்கே போனால் இருபது கிலோமீட்டருக்குள் மண்ணின் நிறம் மாறுகிறது. கறுப்பு வெளுத்துச் சாம்பலாகி, பிறகு வெள்ளையாகிறது. உப்பளங்கள். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் அந்த வழியாகப் போனபோது, நிலா வெளிச்சத்தில் உப்புக் குவியல்கள் வரிசையாகப் படுத்திருக்கும் மாடுகளைப் போலத் தெரிந்தன. காற்றில் ஈரமும் கருவாடும் கலந்த வாடை. அதற்குள் எனக்கு அது பிடித்துப்போயிருந்தது.

தருவைகுளம் வலைக்காரர்களின் ஊர். தூத்துக்குடித் துறைமுகத்து விசைப்படகுகள் பெரும்பாலும் மடிவலையை இழுத்துக் கடல்தரையை அரிப்பவை என்றால், இவர்கள் வழிவலைக்காரர்கள். ஒன்றோடு ஒன்று தைத்த வலைத் துண்டுகளை மாலையில் கடலின் மேல்மட்டத்தில் சுவர்போல இறக்கி, ஒரு முனையைப் படகோடு கட்டிக்கொண்டு, நீவாடு இழுத்துப் போகிற வழியில் இரவெல்லாம் மிதப்பார்கள். நீவாடு என்பது கடலுக்குள் ஓடும் நீரோட்டம். சூரை, நெய்மீன், மயில்மீன், சுறா என்று பெரிய மீன்கள்தான் குறி. அதற்காக எவ்வளவு தூரமும் போவார்கள். 2023 அக்டோபரில் இந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்து வைத்தது செய்தித்தாள்களில் வந்தது. அவ்வளவு தொலைவில் இருக்கிறது இவர்களுடைய வேலையிடம்.

நான் ஏறியது அந்தப் பெரிய படகில் அல்ல. நண்பரின் பழைய மாணவன் ஒருவனின் தாய்மாமனுக்கு நண்டு வலை போடும் பைபர் படகு ஒன்று இருந்தது. எழுபதை நெருங்கும் மனிதர். உப்புக் காற்று முகத்தில் கோடு போட்டு வைத்திருந்தது. என் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "அதைக் கழத்திட்டு ஏறுங்க தம்பி. வாந்தி வந்தா இந்தப் பக்கம் எடுக்கணும், காத்துக்கு எதிரா எடுக்கப்பிடாது." அதுதான் வரவேற்பு.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. தீவுகளின் பக்கம் போகமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கினார்கள். அங்கே படகுக்கு அனுமதி இல்லை. அவற்றில் ஒன்றான விலங்குச்சல்லி இப்போது தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. "நா சின்னப் பயலா இருக்கும்போது அதுல எறங்கி நடந்திருக்கேன்" என்றார். நடந்த நிலம் கடலுக்குள் போனதைச் சொல்லும்போது குரலில் பெரிய மாற்றம் இல்லை. கடற்கரைக்காரர்களுக்கு அது பழகிய கணக்கு போலும்.

வலைக் கொடியைப் பிடித்ததும் கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். பெரியவர் இரண்டு கைகளையும் சிலுவைபோல விரித்துக் காட்டினார். "இது ஒரு பாகம். இங்க நாலு பாகத் தண்ணி." விரித்த கைகளின் நுனிக்கு நுனி ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. உடம்பையே அளவுகோலாக வைத்திருக்கும் தொழில். நண்டுகள் நீலக் கால்களை உதைத்துக்கொண்டு மேலே வந்தன. கூட வந்த மருமகன் பையன் ஒவ்வொன்றாகக் கண்ணியிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம். யாரோ பக்கத்தில் நின்று மூச்சை இறுக்கிப் பிடித்துச் சட்டென்று விட்டதுபோல, 'ப்ஃபூ' என்று. நான் திரும்பிப் பார்த்தது படகுக்குள். மருமகன் சிரித்துவிட்டான். "சார், ஆளு இங்க இல்ல. அங்க."

இருபது அடி தூரத்தில் சாம்பல் நிற முதுகு ஒன்று வளைந்து எழுந்து, அரிவாள் போன்ற துடுப்பைக் காட்டிவிட்டு, தண்ணீரைக் கொஞ்சமும் கலைக்காமல் உள்ளே போனது. பிறகு இன்னொன்று. பிறகு அதன் இடுப்பை ஒட்டினாற்போல் சின்னதாக ஒன்று. ஐந்தாறு இருக்கும். என் பாட்டி சொன்ன கதைகளில் மகர மீன் வரும். அது எப்படி இருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இது அதைவிட எளிமையாக இருந்தது. கழுவி வைத்த ஆட்டுக்கல்லைப் போன்ற வழுவழுப்பு. ஒன்று படகின் அணியத்துக்கு முன்னால் வந்து பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தது. பெரும்பாலான மீன்களின் கண்ணுக்கு இமை கிடையாது, நம்மைப் பார்க்கிற மாதிரியும் இருக்காது. இது பார்த்தது. என்னை எடைபோட்டுவிட்டுத்தான் போனது என்று இப்போதும் நினைக்கிறேன்.

"ஓங்கல்" என்றார் பெரியவர். டால்பினை அகராதி ஓங்கில் என்கிறது, கரையில் ஓங்கல்தான். "ஓங்கி எழும்புதுல்லா, அதான்." சொல்லின் வேரைப் பண்டிதர்கள் விசாரிக்கட்டும், எனக்கு அவர் விளக்கம் போதும்.

கரையோரத்தில் இப்படி வருபவை பெரும்பாலும் புட்டிமூக்கு வகை. சில சமயம் முதுகில் திமில் வைத்த வகையும் வரும். இரண்டும் சின்னக் கூட்டமாகவே திரியும். குட்டி தாயின் இடுப்பை ஒட்டிப் போவது கொஞ்சலுக்காக மட்டுமல்ல. தாய் நீந்தும்போது அதன் உடலைச் சுற்றி ஓடும் தண்ணீர் குட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகும் சைக்கிள்காரனுக்குக் காற்று வழிவிடுவது போல. ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி போட்டு, வருடக்கணக்கில் பால் கொடுக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். சாளை மீன் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் முட்டை போடுவதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். சாளையை அள்ளினாலும் கடல் சீக்கிரம் ஈடுகட்ட வாய்ப்புண்டு. ஒரு பெண் ஓங்கில் போனால் பத்து வருடக் கணக்கு தப்பிப்போகும்.

மூச்சு விஷயம் இன்னும் விசித்திரம். நாம் தூங்கும்போது மூச்சு தானாக ஓடுகிறது. ஓங்கிலுக்கு ஒவ்வொரு மூச்சும் நினைத்து எடுக்கிற மூச்சு. மறந்து தூங்கிவிட்டால் முடிந்தது. அதனால் மூளையின் ஒரு பாதி தூங்கும், மறு பாதி காவல் இருக்கும். ஒரு கண் மூடியிருக்கும், ஒரு கண் திறந்திருக்கும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சீழ்க்கையை வைத்திருக்கிறது. அந்தச் சீழ்க்கையை இன்னொன்று அடித்தால் உரியது பதில் கொடுக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதானே இது என்று 2013இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் எழுதியபோது உலகம் வியந்தது. பெரியவரிடம் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "பிள்ளைய தொலைச்ச தாய் கூப்பிடாம எப்படிக் கெடக்கும்?" என்றார்.

இந்தக் கடலுக்கும் மனிதனுக்கும் உள்ள பழக்கம் மிகப் பழையது. பாண்டியனின் கொற்கைத் துறை இங்கிருந்து தெற்கே, இன்று கடலை விட்டு உள்வாங்கிய ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பவர்களைக் கொடிய மீன்கள் தீண்டாமலிருக்க மந்திரம் போட்டுக் கட்டுபவர்கள் இருந்ததாகவும், அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கூலியாகப் போனதாகவும் எழுதி வைத்தார். கடற்கட்டி என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான். பகலில் சுறாவின் வாயைக் கட்டி, மாலையில் அவிழ்த்துவிடுவார்களாம். முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் மூச்சைப் பிடித்து இறங்குகிறார்கள். ஓங்கிலுக்குக் கட்டு தேவைப்படவில்லை. அதைப் பார்த்துப் பயந்ததாக இந்தக் கரையில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

கோபம் உண்டு. அதை மறைக்கக்கூடாது. சாளை வலைக்குள் மாட்டிய மீனை ஓங்கில் பிய்த்துத் தின்றுவிட்டு வலையையும் கிழித்துவிட்டுப் போகும். "ஒரு நா பூராம் ஒட்டுப் போட வச்சிரும், களவாணி" என்றான் மருமகன். அதே பையன்தான், ஓங்கில் துள்ளுகிற இடத்தில் மேலே பறவை வட்டமிட்டால் அடியில் மீன் மண்டிக் கிடக்கிறது என்று பொருள், படகை அந்தப் பக்கம் திருப்புவோம் என்றும் சொன்னான். பங்காளிச் சண்டை மாதிரிதான் இதுவும். பிரேசிலில் லகூனா என்ற ஊரில் ஓங்கில்கள் மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஓட்டி வந்து தலையை அசைத்துச் சைகை காட்ட, வரிசையாக இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் மனிதர்கள் வீச்சு வலையை எறிகிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாக, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு, தாயிடமிருந்து குட்டிக்கு என இரு பக்கமும் கற்றுக்கொடுத்து நடக்கும் கூட்டுத் தொழில். பர்மாவின் ஐராவதி ஆற்றிலும் இப்படி உண்டு. அங்கே மீனவன் படகு விளிம்பைத் தட்டி அழைக்கிறான்.

சிக்கல் எங்கே வருகிறது என்று பெரியவரிடமே கேட்டேன். முப்பது வருடம் வழிவலையில் கிடந்தவர். கொஞ்ச நேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"ராத்திரிதான் தம்பி. வலை மேல்தண்ணியில கெடக்கும். சூரை மேல்தண்ணியில ஏறும். அதைத் தேடி ஓங்கலும் ஏறும். எல்லாரும் ஒரே எடத்துல. அதுக்கு நைலான் தெரியாது. காதுதான் அதுக்குக் கண்ணு. ஆனா இந்த நூலு சத்தம் திருப்பாது பாத்துக்கிடுங்க. மூக்கு நொழைஞ்சா பின்னால எடுக்கத் தெரியாது, முன்னாலதான் தள்ளும். சுத்திக்கிட்டே போயிரும்."

அறிவியலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. ஓங்கில் 'டிக் டிக்' என்று ஒலியை எறிந்து, திரும்பி வரும் எதிரொலியில் பொருளை அறிகிறது. மீனின் காற்றுப் பைக்குள் இருக்கும் காற்று நன்றாக எதிரொலிக்கும். மெல்லிய நைலான் நூல் மிகக் குறைவாகவே எதிரொலிக்கும். இரைமீது கவனம் குவிந்திருக்கும் நேரத்தில் அந்த மெல்லிய பதில் காதில் விழாமலே போகலாம். மாட்டிக்கொண்டது பதறும், பதறப் பதற கண்ணி இறுகும். மேலே நாலைந்து அடியில் காற்று இருக்கிறது, போக முடியவில்லை. மூச்சுத் துவாரத்தை இறுக மூடிக்கொண்டே சாகும். நினைத்து எடுக்கிற மூச்சல்லவா. தண்ணீருக்குள் அது எடுக்காது.

"ஒரு தடவ மினிக்காய்க்கு அந்தால" என்று தொடர்ந்தார். "விடியக்காலம் வலை வாங்குதோம். கனமா வருது, சுறாண்ணு நெனச்சோம். தாய் ஓங்கல். செத்துப் போச்சு. வெட்டி விட்டுட்டோம். அதோட பிள்ளை படகைச் சுத்திச் சுத்தி வருது. வெயில் ஏறுற மட்டும் போகல. பெறவு நாங்க எஞ்சினைப் போட்டுட்டோம்." அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

துணையை விட்டுப் போகாத இந்தக் குணத்துக்கு இந்த மாவட்டமே சாட்சி. 2016 ஜனவரி 11 மாலை மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் எண்பதுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பெயர்தான் திமிங்கலம், குடும்பம் ஓங்கில் குடும்பம். மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள், கயிறு கட்டிப் படகால் ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பி அதே கரைக்கு வந்தன. கூட்டத்தில் சில கரையில் கிடக்கும்போது மற்றவற்றுக்கு ஆழம் பிடிக்கவில்லை. நாற்பதுக்கு மேல் செத்தன. மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரி 14, தைப்பொங்கல் நாளில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஏறக்குறைய இதே கரையில் 147 ஒதுங்கியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். கரையில் ஒதுங்கினால் ஊரே கூடுகிறது, தொலைக்காட்சி வருகிறது. வழிவலையில் போவது ஒன்றொன்றாக, இருட்டில், யார் கண்ணிலும் படாமல்.

அந்த ஒன்றொன்றைக் கூட்டிப் பார்த்தவர்கள் உண்டு. இந்தியப் பெருங்கடலின் சூரை வலைகளில் வருடத்துக்குச் சுமார் 80,000 ஓங்கில்களும் அவற்றின் உறவினங்களும் மாட்டுவதாக 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. 1950 முதல் 2018 வரை 41 லட்சம். ஈரான், இந்தோனேசியா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் என எல்லாக் கரைக்கும் இதில் பங்கு உண்டு. மதிப்பீடு என்பதால் முன்னே பின்னே இருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் தாங்கக்கூடிய எண் அல்ல. நமக்கு எதிர்க்கரையில் இலங்கையின் கல்பிட்டி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே சுற்றுலாப் பயணிகள் படகேறி, நூற்றுக்கணக்கில் வரும் சுழல் ஓங்கில்கள் தக்ளிபோலச் சுற்றித் துள்ளுவதைக் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். பகலில் விளையாடி ஓய்ந்து, இரவில் ஆழத்துக்கு இரை தேடப் போகும் இனம் அது. பகலில் அவர்கள் கைதட்டுவதற்கும் இரவில் வலைகள் மிதப்பதற்கும் கடல் ஒன்றுதான்.

கரைக்குத் திரும்பியபோது எட்டு மணி. ஏலக்கூடத்தில் வழிவலைப் படகு ஒன்றிலிருந்து சூரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பல நாள் தங்கல் முடித்து வந்த இளைஞர்களிடம் ஓங்கில் மாட்டுமா என்று நான் கேட்டதுதான் தாமதம், சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். "அதெல்லாம் இப்ப இல்ல சார்." ஒருவர் என் சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்தார். என்னை எந்த இலாகா என்று நினைத்தாரோ. நண்பர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓங்கில்கள் இருக்கின்றன. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வேண்டுமென்று கொல்பவனுக்கு இது வேண்டியதுதான். தூண்டிலுக்கு இரையாகவும் கறிக்காகவும் ஓங்கிலைப் பிடித்த காலம் பல கரைகளில் இருந்தது. சட்டம்தான் அதை அடக்கியது. ஆனால் தானாக வந்து மாட்டியதைச் சொன்னாலும் வழக்கு வரும் என்று நினைக்கிறவன் என்ன செய்வான்? இருட்டோடு இருட்டாக வெட்டிக் கடலில் விட்டுவிடுவான். எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், எந்தக் கண்ணி அளவில் மாட்டுகிறது என்பது கடலுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். கரைக்கு வந்து சேராது. அது வந்து சேராத வரை திட்டம் தீட்டுபவர்கள் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

வெளியே நடந்ததைப் பாருங்கள். கிழக்குப் பசிபிக்கில் சூரையும் ஓங்கிலும் சேர்ந்தே நீந்தும். ஓங்கிலைப் பார்த்து வலையை வளையமாகப் போட்டால் சூரை கிடைக்கும் என்று அமெரிக்கப் படகுகள் கண்டுகொண்டன. 1950களின் கடைசியிலிருந்து சில பத்தாண்டுகளில் அந்த முறையில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் செத்தன. பொதுமக்கள் கொதித்தார்கள், சட்டம் வந்தது, தகர டப்பாவில் 'ஓங்கிலுக்குத் தீங்கில்லை' என்று முத்திரை வந்தது. எல்லாம் சரி, வலையிலிருந்து ஓங்கிலை வெளியே விடும் வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் மீனவர்கள். படகைப் பின்னால் எடுத்தால் வலையின் மேல் விளிம்பு தாழ்ந்து ஓங்கில் வழுக்கி வெளியேறும் என்பது படகோட்டிகளின் கண்டுபிடிப்பு. அந்த இடத்தில் மூக்கு மாட்டாத அளவுக்குச் சின்னக் கண்ணி வைத்துத் தைத்தவர் ஹரால்டு மெடினா என்ற படகுத் தலைவர். இன்று அந்தக் கடலில் ஓங்கில் சாவு வருடத்துக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

இன்னும் பக்கத்து உதாரணம் பாகிஸ்தான். அங்கே உலக இயற்கை நிதியத்தார் படகுத் தலைவர்களையே பயிற்றி, வலையில் மாட்டுவதைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். வழக்கு இல்லை, மிரட்டல் இல்லை. குறிப்புகள் குவிந்ததும் ஒரு யோசனை பிறந்தது: வலையின் மேல் விளிம்பை மிதவையோடு ஒட்டிக் கட்டாமல், கயிறு நீட்டி இரண்டு மீட்டர் தாழ்த்தி இறக்கினால்? மூச்சுக்கு மேலே வரும் ஓங்கிலுக்கு வலைக்கு மேல் ஒரு வாசல் கிடைக்கிறது. மாட்டுவது முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. மீனும் சற்றுக் குறைந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையமும் 2023க்குள் வலைகளை இரண்டு மீட்டர் ஆழத்தில் போடும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஒலி எழுப்பி விரட்டும் கருவிகளும் உண்டு. மின்கலமும் விலையும் பராமரிப்பும் சேர்ந்து ஏழைப் படகுக்குக் கட்டுபடியாகாது. கயிற்றை நீட்டுவதற்குக் கயிறு போதும்.

டீக்கடையில் இதைப் பெரியவரிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. இரண்டு மீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். அவர் படகில் காட்டியதுபோலவே நான் இரண்டு கைகளையும் விரித்தேன். என் பக்கத்தில் இருந்தவரின் டீ சிந்தியது. "ஒரு பாகம்" என்றார் பெரியவர். "ஒரு பாகத்துக்கு ஒரு சாண் கூட." கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார். "நெலா வெளிச்சத்துல சூரை இன்னும் கீழதான் கெடக்கும். அப்ப நட்டம் இல்ல. இருட்டு நாள்லதான் யோசிக்கணும்." எந்த ஆய்வுக் கட்டுரையும் படிக்காத மனிதர், அடுத்த ஆய்வுக்கான கேள்வியை டீ ஆறுவதற்குள் கேட்டுவிட்டார்.

இங்கே எதுவும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2020 சுதந்திர தின உரையில் ஓங்கில் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆற்றுக்கும் கடலுக்கும் சேர்த்து. ஆற்று ஓங்கில்களை எண்ணி 6,327 என்று 2025இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டு அரசும் மன்னார் வளைகுடா ஓங்கில்களுக்கென்று தனித் திட்டம் அறிவித்திருக்கிறது. பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்ற கடல்பசுவுக்குக் காப்பகமாக்கினார்கள். வலையில் மாட்டிய கடல்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களை மேடையேற்றிப் பணமுடிப்புக் கொடுத்தார்கள்; அதற்குப் பிறகு விடுகிற செய்திகள் வரத் தொடங்கின. மகாராஷ்டிரத்தில், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை வெட்டினால் 25,000 ரூபாய் வரை ஈடு தரும் ஏற்பாட்டை 2018இல் கொண்டுவந்தார்கள். மீனவன் கைபேசியில் படம் எடுத்து அனுப்புகிறான். படத்தோடு தேதியும் இடமும் வந்துவிடுகின்றன.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். அதை இந்தக் கட்டுரையைப் படிக்கும் வாய்ப்புள்ள அதிகாரிகளிடமே வைக்கிறேன். தருவைகுளத்து ஏலக்கூடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மாட்டிய தேதி, ஆழம், வலையின் கண்ணி, உயிரோடு விட்டதா இல்லையா, அவ்வளவு மட்டும். படகு எண்ணையும் ஆளின் பெயரையும் கேட்காதீர்கள். ஒரு வருடம் கழித்து அதை எடுத்துப் பாருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், பெரிய படகுகள் கரையில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் கடலுக்குப் போகமாட்டார்கள், தேவாலயத்துக்குப் போவார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் அமைதி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

கிளம்பும்போது பெரியவர் வீட்டு முற்றத்தில் பழைய வழிவலை ஒன்று குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். நடுவில் ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டை. ஒரு ஆண் ஓங்கில் உயிரோடு மாட்டியபோது இவரே கத்தியால் வெட்டி விட்டது. இரண்டு துண்டு வலை வீணாய்ப்போனது. அது வெளியே போய், கொஞ்ச தூரத்தில் மேலே வந்து ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனதாம். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி அந்தத் தங்கலில் இவர் பங்கிலிருந்து வலைக் காசைப் பிடித்துக்கொண்டார்.